இருநூற்றுப் பதினைந்தாவது ஆள்

செமிலிங் ஒட்டுக்கடையில் தே தாரிக்கின் நுரை அடங்குவதற்குள் கைத்தொலைபேசி அலறியது.

“அண்ணே, மறுபடியும் உள்ள விடமாட்டேங்குது.”

2016ஆம் ஆண்டு, ஒரு மாதக் கடைசி. அழைத்தவர் சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கிராணி. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கிளைகளில் இருப்பவர்கள் எல்லாரும் அன்றைக்குள் சரக்குக் கணக்கையும் சம்பளக் கணக்கையும் ஏற்றியாக வேண்டும். ஏற்ற முடியவில்லை. இணைப்புகள் மிகுந்துவிட்டன என்று திரையில் ஒரே ஒரு வரி. அந்தச் சர்வரை அமைத்துக் கொடுத்தவன் நான். அந்த வாரம்தான் அதன் லினக்ஸ் இயங்குதளத்தைப் பழைய உபுண்டுவிலிருந்து உபுண்டு 16.04க்கு ஏற்றியிருந்தேன். முந்தின நாளும் இதே கோளாறு வந்தது. சரிசெய்துவிட்ட நிம்மதியில்தான் செமிலிங் வந்து தே குடிக்க உட்கார்ந்தேன்.

மடிக்கணினியைத் திறந்தேன். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் நிர்வாகிக்கென்று ஒரே ஓர் இருக்கையைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும். உள்ளே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவர் ஒருவர் நுழையலாம். நுழைந்தேன். 32 ஜிகாபைட் நினைவகத்தில் பாதிக்கு மேல் காலி. செயலி சோம்பிக் கிடந்தது. வட்டில் இடம் தாராளம். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளை ஏற்கலாம் என்ற வரியில் 500 என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தைக் கேட்டால் 214 என்றது.

500 என்றால் நான் எழுதியது. 256 என்றால் கணினிக்காரர்களின் பழக்கம். 214 என்று எந்த மனிதனும் ஒரு வரம்பை எழுதமாட்டான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1975ஆம் ஆண்டுவரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் கோப்பு எண் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு நிரல் எதைத் திறந்தாலும், அது வட்டில் இருக்கும் கோப்போ, பீடோங் கிளையிலிருந்து வரும் வலை இணைப்போ, இயங்குதளத்தின் கருவான கெர்னல் அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். அரசாங்கக் கிளினிக்கில் எண் வாங்குவதைப் போலத்தான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கிளினிக்கில் எண் சாயங்காலம்வரை ஏறிக்கொண்டே போகும். இங்கே வேலை முடிந்து ஒருவர் எண்ணைத் திருப்பிக் கொடுத்ததும், அடுத்து வருபவருக்கு அதுவே கிடைக்கும். காலியாக இருப்பவற்றில் மிகச் சிறிய எண்ணைத்தான் கெர்னல் எப்போதும் கொடுக்கும். 0, 1, 2 மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவற்றுக்கு வழக்கமாகப் போய்விடும். மற்றவை 3இலிருந்து தொடங்கும்.

தரவுத்தளத்துக்கு இந்த எண்கள் இரண்டு வழிகளில் செலவாகின்றன. ஒவ்வோர் அட்டவணையும் வட்டில் ஒரு கோப்பு அல்லது சில கோப்புகள். ஒவ்வொரு பயனரும் ஓர் இணைப்பு. இரண்டுக்கும் ஒரே பையிலிருந்துதான் எண் எடுக்க வேண்டும். 214இன் கதை இந்த ஒரே பையில்தான் இருக்கிறது.

1975இல் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் அந்தப் பை எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு நிரல் 15 கோப்புகளைத்தான் திறக்கலாம். கணினி முழுவதும் சேர்த்தே 100. ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய புராசஸ்கள், அதாவது ஓடும் நிரல்கள், 50. இவை யாரையும் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டவை அல்ல. கெர்னல் தன் பதிவேடுகளுக்கு நினைவகத்தில் முன்கூட்டியே இடம் ஒதுக்கியாக வேண்டும். அன்றைய கணினியில் அதற்கு மேல் இடம் கிடையாது. ஏட்டில் 50 வரி போட்டிருந்தால் 51ஆவது பெயரை எங்கே எழுதுவது?

இத்தகைய வரம்பு பொருளாலேயே வருவது. செமிலிங்கிலிருந்து மெர்போக் போகும் பக்கம் சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உலைகளோடு படகுத்துறையின் செங்கல் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. அந்தத் துறையில் எத்தனை படகுகள் ஒட்டலாம் என்பதைச் செங்கல்லே தீர்மானித்திருக்கும். இன்னொருவகை வரம்பு இருக்கிறது. துறையில் இடம் கிடந்தாலும் ‘இந்த வியாபாரிக்கு இரண்டு படகுக்கு மேல் கூடாது’ என்று ஒருவர் ஏட்டில் எழுதி வைப்பது. என் சர்வரில் பாதி நினைவகம் காலியாக இருந்தும் கதவு சாத்தப்பட்டது இந்த இரண்டாம் வகையால். கணினி திணறினால் உடனே ‘பெரிய மெஷின் வாங்கு’ என்கிறோமே, அது முதல் வகைக்கு மட்டும்தான் மருந்து.

ஏட்டில் எழுதும் வரம்பை யூனிக்ஸ் உலகில் ஒழுங்குபடுத்தியது கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பெர்க்கிலி. 1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி, ஒவ்வொரு வளத்துக்கும் இரண்டு எண்களை வைத்தது: மென் வரம்பு, வன் வரம்பு. இப்போது நடைமுறையில் உள்ளது மென் வரம்பு. நிரல் தானாகவே அதை உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் வன் வரம்புவரைதான். வன் வரம்பை யாரும் குறைத்துக்கொள்ளலாம். குறைத்ததை மறுபடி உயர்த்த ரூட் உரிமை, அதாவது நிர்வாகியின் முழு அதிகாரம், வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கங்காணி தன் பொறுப்பில் இரண்டு ஆள் கூட்டியோ குறைத்தோ வேலை வாங்கலாம். மொத்தம் எத்தனை ஆள் என்பதைத் துரை எழுதிவிட்டால் அதைத் தாண்டக் கங்காணியால் முடியாது.

அதே 4.2பிஎஸ்டிதான் ‘செலக்ட்’ என்ற அழைப்பையும் தந்தது. பல இணைப்புகளில் எதில் பேச்சு வந்திருக்கிறது என்று ஒரே நேரத்தில் கவனிக்க உதவும் கருவி அது. கோப்பு எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் வீதம் கட்டம் போட்ட ஒரு பட்டியலை வைத்து வேலை செய்யும். லினக்ஸில் அந்தப் பட்டியலுக்கு 1024 கட்டங்கள். 0 முதல் 1023 வரை. 1024ஆம் எண்ணைக் கொண்டுவந்து அதில் குறிக்கச் சொன்னால், பட்டியலுக்கு வெளியே, பக்கத்தில் இருக்கும் வேறு எதன்மீதோ எழுதிவிடும். நிரல் அப்போதே விழுந்தால் நல்லது. விழாமல் தப்பான கணக்கைக் காட்டிக்கொண்டு ஓடினால்தான் ஆபத்து. பின்னால் ‘போல்’, ‘ஈபோல்’ என்று இந்தக் குறையில்லாத கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் செலக்டை நம்பி எழுதிய பழைய நிரல்கள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன. அவற்றைக் காப்பாற்றத்தான் லினக்ஸில் மென் வரம்பு இன்றும் 1024இல் நிற்கிறது. வன் வரம்பு நீண்ட காலம் 4096ஆக இருந்தது. கணினி எழும்போது சேவைகளை எழுப்பிவிடும் சிஸ்டம்டியின் 240ஆம் பதிப்பு, 2018 டிசம்பரில் வந்தது, அதை 5,24,288க்கு உயர்த்தியது. மென் வரம்பை அதுவும் தொடவில்லை.

இப்போது 214க்கு வரலாம்.

மைஎஸ்க்யூஎல் எழும்போது முதலில் கெர்னலிடம் போய்த் தனக்கு எத்தனை கோப்பு எண் வேண்டும் என்று கேட்கும். என் சர்வரில் அது கேட்டது 5000. துரை எழுதிய உச்சம் 4096. 4096ஐயாவது வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? அதுதான் இல்லை. மென் வரம்பு, வன் வரம்பு இரண்டையும் 5000 ஆக்கும்படி ஒரே விண்ணப்பமாகக் கேட்டது. வன் வரம்பை உயர்த்த அதற்கு உரிமை இல்லாததால் கெர்னல் விண்ணப்பத்தை முழுதாகத் தள்ளிவிட்டது. கேட்டது 5000, கொடுக்க முடிந்தது 4096, கையில் மிஞ்சியது பழைய 1024. பேரம் பேசத் தெரியாத நிரல்.

1024ஐ வைத்துக்கொண்டு அது குடும்பக் கணக்குப் போட்டது. தன் சொந்தச் செலவுக்கு 10. அட்டவணைகளைத் திறந்து வைக்க எவ்வளவு சுருக்கினாலும் 400 வேண்டும். ஓர் அட்டவணைக்குத் தரவுக்கு ஒன்று, சுட்டுக்கு ஒன்று என்று இரண்டு எண், ஆக 800. 1024இல் 10 போக 1014. அதில் 800 போக 214. மிஞ்சியது அவ்வளவுதான், அதைப் பயனர்களுக்கு விட்டது. நான் எழுதிய 500ஐ அது அழிக்கவில்லை, மறுக்கவில்லை. பதிவுக் கோப்பின் தொடக்கத்தில் ‘கேட்டது 500, வரம்பு 214ஆக மாற்றப்பட்டது’ என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அந்தப் பதிவை யார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை.

உலகத்தின் எத்தனையோ மூலைகளில் நிர்வாகிகள் இதே 214ஐப் பார்த்துத் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். நிரலாளர்கள் செய்ததை நான் குறை சொல்வேன். கேட்டது கிடைக்காவிட்டால் எழ மறுத்திருக்க வேண்டும். எழ மறுக்கும் சர்வரை ஐந்து நிமிடத்தில் கவனித்துவிடுவோம். அரைகுறையாக எழுந்து நின்று மாதக் கடைசியில் 215ஆவது ஆளைத் திருப்பி அனுப்பும் சர்வரைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகிறது.

முந்தின நாள் நான் செய்த ‘சரிசெய்தல்’ என்ன என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதே தவற்றைப் படித்தவர்களும் செய்கிறார்கள். இட்சி அடைவுக்குள், செக்யூரிட்டி அடைவில் ‘லிமிட்ஸ்.கான்ஃப்’ என்று ஒரு கோப்பு. அதில் மைஎஸ்க்யூஎல் பயனருக்கு 65535 என்று எழுதினேன். சர்வரை நிறுத்தி ஏற்றினேன். பிறகு அதே பயனராக நானே உள்நுழைந்து, ‘யூலிமிட்’ கட்டளையால் கேட்டேன். 65535 என்று பதில் வந்தது. மனநிறைவோடு மூடிவிட்டேன்.

அந்தக் கோப்பைப் படிப்பது கெர்னல் இல்லை. ஒருவர் உள்நுழையும்போது வாசலில் நிற்கும் ‘பாம்’ என்ற அடுக்கு. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் நின்றவர்களுக்குத்தான் அன்றைய உத்தரவு தெரியும். நான் உள்நுழைந்தேன், பெரட்டில் நின்றேன், உத்தரவு எனக்குக் கிடைத்தது. தரவுத்தளம் உள்நுழைவதில்லை. கணினி எழும்போது சிஸ்டம்டி அதை நேராக எழுப்பிவிடுகிறது. பெரட்டுக்கே வராதவனுக்குப் பெரட்டில் சொன்னது எப்படித் தெரியும்? பழைய உபுண்டுவில் இந்தத் தொல்லை தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. அங்கே தரவுத்தளம் ரூட் உரிமையோடு தொடங்கி, வேண்டியதை வாங்கிக்கொண்டு, பிறகுதான் சாதாரணப் பயனராக மாறும். புதிய ஏற்பாட்டில் தொடக்கத்திலேயே சாதாரணப் பயனர். பாதுகாப்புக்கு இதுவே நல்லது. ஆனால் வரம்பை உயர்த்தும் வேலையை வேறொருவர் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். அந்த இடம் சிஸ்டம்டியில் அந்தச் சேவைக்கென்று இருக்கும் கோப்பு. அதில் ‘லிமிட்நோஃபைல்’ என்று ஒரு வரி.

எதை எழுதினாலும், எழுதியதை நம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸிடமே கேளுங்கள். லினக்ஸில் ‘புராக்’ அடைவுக்குள், அந்தப் புராசஸின் எண்ணுக்குக் கீழே, ‘லிமிட்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. கெர்னல் உண்மையில் அமல்படுத்துகிற எண்கள் அங்கேதான் இருக்கும். முந்தின நாளே அதைப் பார்த்திருந்தால் என் தே ஆறியிருக்காது.

சரி, வரம்பில்லை என்றே எழுதிவிட்டால் என்ன? எனக்குத் தெரிந்த இளைஞர்களில் பாதிப்பேரின் முதல் எண்ணம் இதுதான். அப்படி எழுதினால் என்ன ஆகும் என்பதும் நடந்து பார்த்த கதை. சிஸ்டம்டி 240க்குப் பிறகு சில லினக்ஸ்களில், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் பிரித்து ஓட்டும் கன்டெய்னர் மேலாளரின் வரம்பு ‘முடிவிலி’ என்று எழுதப்பட்டிருந்தது. அதன் பொருள் நடைமுறையில் 1,07,37,41,816, அதாவது 107 கோடிக்கு மேல். கன்டெய்னருக்குள் எழுந்த பழைய மைஎஸ்க்யூஎல் இந்த எண்ணைப் பார்த்தது. இத்தனை கோப்புகள் வரப்போகின்றன என்று நம்பி அத்தனைக்கும் முன்கூட்டியே பதிவேடு போட்டது. ஓர் எண்ணுக்கு 16 பைட் என்று வைத்தாலே 16 ஜிகாபைட். ஒரே ஓர் அட்டவணைகூட இல்லாத வெறும் தரவுத்தளம், எழுந்த கணத்திலேயே நினைவகத்தை விழுங்கிவிட்டுச் செத்தது. 15இல் பட்ட பாடு ஒருவகை, 107 கோடியில் பட்ட பாடு இன்னொருவகை.

நினைவகத்தின் கதை கோப்பு எண்ணைவிடச் சிக்கலானது. கேட்கும் நிரல்களுக்கெல்லாம் லினக்ஸ் தாராளமாகத் தலையாட்டும். கையில் இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும். கல்யாண மண்டபத்தில் 500 நாற்காலி போட்டுவிட்டு 1500 பேருக்கு அழைப்பிதழ் வைக்கிறோமே, அந்தத் துணிச்சல்தான். எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத நாளில் கெர்னல் ஓர் ஆளை அனுப்பும். பந்தியில் யார் அதிகம் சாப்பிடுகிறார் என்று பார்த்து அவரை எழுப்பி வெளியே தள்ளுவது அவன் வேலை. தரவுத்தளச் சர்வரில் அதிகம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் மாப்பிள்ளை.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மைஎஸ்க்யூஎல் ஒரே புராசஸுக்குள் எல்லாரையும் வைத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு புராசஸைத் தனியே பிறப்பிக்கும். அவற்றில் ஒன்றைக் கெர்னல் கொன்றால், பொது நினைவகத்தில் செத்தவன் எதை அரைகுறையாக விட்டானோ என்ற சந்தேகத்தில் தாய்ப் புராசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டுத் தன்னைப் புதிதாகத் தொடங்கும். ஒருவருக்காக அத்தனைபேரும் வெளியே. அதனால்தான் தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய கணினியில் இந்த அதிக வாக்குக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தி வைக்கும்படி போஸ்ட்கிரஸின் ஆவணமே சொல்கிறது. நிறுத்தினால், நினைவகம் இல்லை என்ற பதில் கேட்ட உடனேயே கிடைக்கும். ஒரு கேள்வி தோற்கும், தரவுத்தளம் பிழைக்கும். கோப்பு எண்ணில் போஸ்ட்கிரஸ் கெட்டிக்காரி. ஒரு புராசஸுக்கு 1000 என்று தனக்குத் தானே வரம்பு போட்டுக்கொண்டு, நெருக்கடி வந்தால் நெடுநேரம் தொடாத கோப்பை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கும். ஆனால் இணைப்பு 100 என்றால் புராசஸ் 100. ஒவ்வொன்றும் 1000 வரை திறந்தால் மொத்தம் ஒரு லட்சம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் வரம்புக்குள். கூட்டிப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

கூட்டிப் பார்க்காததால் பெரிய இடத்திலேயே ஒரு விபத்து நடந்தது. 2020 நவம்பர் 25, அமேசானின் மேகச் சேவை, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா. அங்கே கினேசிஸ் என்ற தரவோட்டச் சேவைக்கு முகப்புச் சர்வர்கள் ஏராளம். ஒவ்வொரு சர்வரும் மற்ற ஒவ்வொரு சர்வரோடும் பேச ஓர் இழையை, அதாவது புராசஸுக்குள் ஓடும் குட்டி ஓட்டம் ஒன்றை, வைத்திருக்கும். அன்று நல்ல எண்ணத்தோடு சில புதிய சர்வர்களைச் சேர்த்தார்கள். நம் மலேசிய நேரப்படி மாலை 6.44க்கு அந்த வேலை தொடங்கியது. புதிய சர்வர் சேரச் சேர, பழைய சர்வர் ஒவ்வொன்றிலும் இழைகள் கூடின. இயங்குதள அமைப்பில் எழுதியிருந்த இழை வரம்பை எல்லாச் சர்வர்களும் ஒன்றாகவே தாண்டின. இரவு 9.15க்கு எச்சரிக்கை மணிகள் அடித்தன. கினேசிஸை நம்பியிருந்த வேறு பல சேவைகளும் தடுமாறின. முழுதாகச் சரியானபோது நமக்கு மறுநாள் பிற்பகல் 2.23.

இதில் எனக்குப் பிடித்தது, வரம்பை உடனே உயர்த்தலாமே என்ற யோசனையைச் சோதித்துப் பார்க்காமல் செய்யக்கூடாது என்று அவர்கள் ஒதுக்கியது. புதிதாகச் சேர்த்தவற்றை எடுத்துவிட்டு, முகப்புச் சர்வர்களைச் சிறிது சிறிதாக மறுபடி எழுப்பினார்கள். பிறகு செயலியும் நினைவகமும் பெரிதான சர்வர்களுக்கு மாறினார்கள். சர்வர் எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றும் வைத்திருக்க வேண்டிய இழையும் குறையும் அல்லவா?

செமிலிங் கடைக்குத் திரும்புவோம். 500 இணைப்பு, சுருக்காமல் திறந்து வைக்கும் 2000 அட்டவணைக்கு 4000, சொந்தச் செலவு 10. மொத்தம் 4510. மைஎஸ்க்யூஎல் தானே கேட்பது 5000. அதன் இருமடங்காக 10,000 என்று சிஸ்டம்டி கோப்பில் எழுதினேன். இன்னும் பெரிதாக எழுதியிருக்கலாம். ஆனால் மூடாமல் கோப்பைத் திறந்துகொண்டே போகும் ஒரு பிழை நிரலில் இருந்தால், 10,000இல் அது இன்றைக்கே பிடிபடும். பத்து லட்சத்தில் தீபாவளி விடுமுறையில்தான் பிடிபடும். சேவையை நிறுத்தி எழுப்பினேன். ‘புராக்’கில் பார்த்தேன். 10,000. தரவுத்தளத்தைக் கேட்டேன். 500. கிராணியை அழைத்தேன். “வந்திருச்சிண்ணே” என்றார்.

கடைக்காரர் இன்னொரு தே கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துக்கொண்டே, கோளாறின்போது எடுத்து வைத்திருந்த இணைப்புப் பட்டியலை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். 214 பேரில் பெரும்பாலோர் எதுவுமே செய்யவில்லை. ‘உறக்கம்’ என்று வரிசையாக வரிகள். கிளைகளில் ஓடும் நிரல், ஒரு பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் புதிய இணைப்பை எடுத்து, மூடாமலே விட்டிருக்கிறது. சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்க்யூஎல் தானாகத் துண்டிக்க, வேறு சொல்லாவிட்டால், 28,800 நொடி காத்திருக்கும். எட்டு மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனவர் மாலை நான்குவரை நாற்காலியைப் பிடித்து வைத்திருக்கிறார்.

அதை 600 நொடி ஆக்கினேன். அதற்கடுத்த மாதக் கடைசியில், ஒரே நேரத்தில் திறந்திருந்த இணைப்புகள் நூறைக்கூடத் தாண்டவில்லை.